பூனை கையில் கோவா

கண் ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் டாக்டர் கெட்டிக்காரரா என்று விசாரிக்கிறார்கள். கட்டில் உண்டா, கஞ்சி கொடுப்பார்களா என்று விசாரிக்கிறார்கள். பக்கத்துக் கட்டிலில் யார் படுக்கப்போகிறார்கள் என்று மட்டும் ஒருவரும் விசாரிப்பதில்லை. நானும் விசாரிக்கவில்லை. அதனால் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் கண்ணாடி புதுசு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வியாபாரம். அந்த வேலைக்குக் கைபலம் பாதி, கண் பாதி. பால் சுண்டிக்கொண்டே வந்து, சர்க்கரை விழுந்து இளகி, மறுபடி இறுகி, சட்டியின் ஓரம் லேசாகப் பழுப்புக்குத் திரும்பும். அந்த நேரம் பார்த்து இறக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினால் தீய்ந்த வாடை வந்துவிடும். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். சர்க்கரைக்குக் கார்டு. எங்கள் சட்டி அடுப்பேறுவதே அபூர்வமாகிவிட்டது. அப்படி அபூர்வமாக ஏறின சட்டியையும் நான் தீய்த்துவிட்டேன். ஒரு தடவை இல்லை, அடுத்த தடவையும்.

என் மகன் சங்கரன் தீய்ந்த சட்டியைச் சுரண்டிக் கழுவினான். அவன் பெண்டாட்டி கோமதி என் கையிலிருந்த சட்டுவத்தை மெதுவாக வாங்கித் தானே கிண்ட ஆரம்பித்தாள். கண் மங்கினதுகூட எனக்குப் பெரிசாகத் தெரியவில்லை. சட்டுவம் கைமாறினதுதான் தெரிந்தது.

கோமதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கு வந்த நாள் முதல் அவள் என் பேச்சுக்குச் சிரித்ததில்லை. தெருவில் பாதிப் பேர் என் வாயைக் கேட்கத்தான் கோவா வாங்க வருவார்கள். வாங்காமலும் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். கோமதி மட்டும் எதற்கும் “சரி அத்த” என்பாள். தாயில்லாமல் வளர்ந்தவள். என் கேலி பெரும்பாலும் அவளைப் பற்றித்தான் என்பது வாஸ்தவம். அதற்காகச் சிரிக்கக் கூடாது என்று யார் சொன்னது? சாவதற்குள் இவளை ஒரு தடவை வாய்விட்டுச் சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வைராக்கியம் இருந்தது.

ராஜபாளையத்து மிஷன் ஆஸ்பத்திரிக்கு அவள்தான் என்னைக் கூட்டிப்போனாள். சங்கரன் மாடுகளை விட்டு வர முடியாது. கரி போட்டு ஓட்டுகிற பஸ். ஏற்றத்தில் நின்று நின்று மூச்சு வாங்கியது. எனக்குக் கண் போன மாதிரி இதற்கு நெஞ்சு போய்விட்டது என்றேன். “சரி அத்த” என்றாள்.

டாக்டரம்மா வெள்ளைக்காரி. தமிழ் பேசுவார், ஆனால் அச்சடித்த தமிழ். விளக்கைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுப் புரை என்றார். நம் ஊரில் பூ விழுந்தது என்போம். கண்ணுக்குள் மொச்சைப் பருப்பு அளவில் ஒரு பளிங்கு இருக்கிறதாம். வெளிச்சம் அது வழியாகத்தான் உள்ளே போகுமாம். வயதாக ஆக அது வெளுத்துப் போய், பால் திரிந்த மாதிரி ஆகிவிடுமாம். எந்தச் சொட்டு மருந்தாலும் கரையாது. கண்ணின் ஓரத்தில் கீறி அந்தப் பளிங்கையே வெளியே எடுத்துவிட வேண்டும். எனக்கு இரண்டு கண்ணிலும் முற்றியிருந்தது. முதலில் வலது கண்.

 மகாராஜபுரத்தில் என் சின்னம்மாவுக்குச் சந்தைக்கு வருகிற வைத்தியன் ஒருவன் ஊசியால் குத்திப் புரையைக் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிட்டான். அன்றைக்குப் பளிச்சென்று தெரிந்தது. கோழியடித்து விருந்து வைத்தார்கள். அவன் ஊர் தாண்டுவதற்குள் கண் சீழ் பிடித்து, அதற்குப் பிறகு சின்னம்மா சூரியனைக்கூடப் பார்க்கவில்லை. அதை நான் சொன்னதும் டாக்டரம்மா, “நாங்கள் தள்ளுவதில்லை அம்மா, எடுத்துவிடுகிறோம்” என்றார். எடுத்துவிடுகிறோம் என்ற சொல் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தார்கள். என்னைப் போல் பூ விழுந்தவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்து வரிசையாக வருவார்கள். முன்னால் போகிறவர் நின்றால் எல்லோரும் இடித்துக்கொண்டு நிற்போம். சோதனைகள் நடந்தன. மூக்கோரம் கண்ணீர்ப்பையை அமுக்கிச் சீழ் வருகிறதா என்று பார்த்தார்கள். இருமல் உண்டா என்று கேட்டார்கள். நீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, ஒரு நீல மருந்தைச் சேர்த்து விளக்கில் காய்ச்சினார்கள். நீலம் நீலமாகவே இருந்தால் உடம்பில் சர்க்கரை வியாதி இல்லை. செங்கல் நிறத்துக்குத் திரும்பினால் உண்டு, புண் ஆறாது. நான் கம்பவுண்டரிடம், “என் ஒடம்புல சக்கரை கண்டுபிடிச்சியன்னா கவர்மெண்டுக்குச் சொல்லிறாதீய, கார்டுல குறைச்சிருவாக” என்றேன். கம்பவுண்டர் குழாயைக் கீழே போடப் பார்த்தார். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. கோமதி, துணிப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

இப்போது பக்கத்துக் கட்டிலுக்கு வருகிறேன்.

அவள் பெயர் எஸ்தர். செட்டியார்பட்டிக்காரி. மிஷன் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த டீச்சர். வளைந்த மூக்கு வைத்த சின்ன ஊசியால், நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்துப் பின்னுவது. குரோஷா என்பாள். என் வயதுதான். தனிக்கட்டை. எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தாள். கண் தெரியாவிட்டாலும் அவள் விரல் நிற்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, மில்லில் வாங்கின வெள்ளை நூலில் எதையோ தடவித் தடவிப் பின்னிக்கொண்டிருந்தாள். எனக்கு அது வெள்ளையாக ஒரு புகை மாதிரி தெரிந்தது. என்ன என்று கோமதி கேட்டாள்.

பூனையாம். உள்ளங்கை அளவுப் பூனை. உள்ளே இலவம்பஞ்சு அடைத்து உட்கார வைப்பது. துரைசானி ஒருத்தி முன்னே கற்றுக்கொடுத்த மாதிரியில் பூனை கையில் கேக்கு இருக்குமாம். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் பக்கத்தில் வந்திருக்கும்போது கேக்கு எதற்கு, கோவா கொடுத்துவிடலாம் என்றாள். எனக்கு மரியாதையாம் அது. யார் சட்டிக் கோவாவை யார் பூனைக்குக் கொடுப்பது? என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எஸ்தருக்கு எனக்கு முன்னாலேயே ஆபரேஷன் ஆகிவிட்டது. இரண்டு கண்ணையும் கட்டி மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டார்கள். பூனைக்குத் தலையும் பாதி உடம்பும்தான் ஆகியிருந்தது. அசையக் கூடாது என்பதால் ஊசியைக் கோமதி கையில் கொடுத்தாள். தான் படுத்தபடி சொல்லச் சொல்லக் கோமதி பின்ன வேண்டும். கோமதி தயங்கினாள். அப்போது எஸ்தர் சொன்னாள்:

“எனக்குக் கண்ணு தெரியலன்னு ரெண்டு வாலு வச்சுட்டு ஒண்ணுன்னு சொல்லிறாத தாயி. தடவிப் பாப்பேன்.”

கோமதி சிரித்தாள்.

நன்றாகக் கேட்டேன். ‘க்ளுக்’ என்று ஒரு சிரிப்பு. எத்தனை வருஷம் நான் தலைகீழாக நின்று வாங்க முடியாததை இவள் படுத்த வாக்கில் வாங்கிவிட்டாள். இரண்டு வால் பூனையில் சிரிக்க என்ன இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்போதே எனக்கு நெஞ்செரிச்சல் தொடங்கிவிட்டது. அதற்கு அந்த ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை.

பிறகு என் ஆபரேஷன். மயக்க மருந்தெல்லாம் கிடையாது. சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மரக்க வைப்பார்கள். நாம் முழித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். கம்பி ஒன்று வைத்து இமையைத் திறந்து நிறுத்தினார்கள். கத்தி நிழல் மாதிரி வந்தது. வலி இல்லை. ஏதோ இழுபடுகிற மாதிரி, ஈறில் சிக்கின நாரை யாரோ எடுக்கிற மாதிரி இருந்தது. டாக்டரம்மா மூச்சு விடுகிற சத்தம் என் நெற்றிக்கு மேலே கேட்டுக்கொண்டிருந்தது. அந்த மூச்சு தடுமாறினால் என் கண் போச்சு என்று அதையே கேட்டுக்கொண்டு கிடந்தேன். தடுமாறவில்லை. முடிந்ததும் அந்தப் பளிங்கைக் காட்டட்டுமா என்று கேட்டார். எதைக் கொண்டு பார்ப்பது என்றேன்.

அப்புறம்தான் கஷ்டம். ஒரு கண் அசைந்தால் மற்றதும் கூட அசையுமாம், அதனால் இரண்டுக்கும் கட்டு. தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை. புரளக் கூடாது, இருமக் கூடாது, மெல்லக் கூடாது. கீறின வாய் பிளந்துகொண்டால் கண்ணுக்குள் இருப்பது வெளியே வந்துவிடும். டாக்டரம்மா, “நகைப்பும் கூடாது அம்மா” என்றார். எனக்கு மட்டுமில்லை, என்னால் அடுத்த கட்டிலுக்கும் கூடாது. முந்தின நாள் நான் சொன்ன எதற்கோ எஸ்தர் சிரித்துக் கண் வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். நர்ஸ் வந்து என் வாய்க்கும் ஒரு கட்டுப் போடப்போவதாக மிரட்டினாள். பேசவும் கூடாது, பார்க்கவும் முடியாது. காது ஒன்றுதான் மிச்சம். அந்தக் காதில் விழுந்ததெல்லாம் எஸ்தரும் கோமதியும்.

கோமதி என்னைக் கவனிக்கவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கஞ்சியை ஆற்றிக் கரண்டியால் ஊட்டினாள். முதுகு கொதிக்கும்போது மெதுவாகக் கையை உள்ளே விட்டுத் துணியை இழுத்துச் சரிசெய்தாள். ராத்திரி என் கட்டிலுக்கு அடியில் பாய் போட்டுப் படுப்பாள். நான் கத்திக் கூப்பிடக் கூடாது என்பதால், கற்றுக்கொண்ட சங்கிலிப் பின்னலில் நீளமாக ஒரு கயிறு பின்னி, ஒரு நுனியை என் மணிக்கட்டிலும் மறு நுனியைத் தன் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டாள். லேசாக இழுத்தால் போதும், எழுந்துவிடுவாள். தாகமில்லாமலேயே நான் சில தடவை இழுத்துப் பார்த்ததுண்டு. இருக்கிறாளா என்று தெரிய வேண்டாமா?

ஒரு மத்தியானம் இழுத்தேன். ஆள் வரவில்லை. நன்றாக இழுத்தேன். கட்டில் கிறீச்சென்றது. மறு நுனியைக் கட்டில் காலில் கட்டிவிட்டுப் போயிருந்தாள். பக்கத்தில் எஸ்தர் குரல் கேட்டது. ஒரு வரிசை முடிந்ததும் கண்ணியைக் குறைக்க வேண்டும், அப்போதுதான் கழுத்து வளையும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கோமதி, “இப்படியாம்மா?” என்றாள்.

அம்மா. டீச்சரம்மா இல்லை, வெறும் அம்மா. எனக்கு அத்தை. பழகி நாலு நாள் ஆகாத செட்டியார்பட்டிக்காரிக்கு அம்மா.

அதற்குப் பிறகு அந்தப் பூனை ஆஸ்பத்திரியிலேயே பெரிய மனுஷி ஆகிவிட்டது. வார்டில் யார் வந்தாலும் முதலில் பூனையைத்தான் கேட்பார்கள். பஞ்சு அடைத்தாயிற்றா? காதுக்குப் பழுப்பு நூல் கிடைத்ததா? வெள்ளை நூலைத் தேயிலைத் தண்ணீரில் முக்கிப் பழுப்பாக்கினார்களாம். செண்பகத்தோப்பிலிருந்து வந்திருந்த பாரஸ்ட் காவலாளி சம்சாரம் ஒருத்தி, மடியில் முடிந்து வைத்திருந்த குன்றிமணி இரண்டு கொடுத்தாள். அதைக் கண்ணாக வைத்துத் தைத்தார்கள். உயிரோடு இருக்கிற மாதிரி பார்க்கிறது என்று நர்ஸ் மெச்சிக்கொண்டாள். பஞ்சடைத்த பூனைக்குக்கூடக் கண் வந்துவிட்டது. நான் மணல் மூட்டைக்கு நடுவே கிடந்தேன்.

பூனை யாருக்கு என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. கோமதி கையால் முடிகிற பூனை. மாமியாருக்குத்தான் வரும் என்று ஒரு நேரம் நினைப்பேன். எஸ்தர் அம்மா ஆனதும் அந்த நினைப்பு ஆட்டம் கண்டுவிட்டது. இத்தனை வயதில் பொம்மைக்கு ஆசையா என்று கேட்பீர்கள். பொம்மைக்கு யார் ஆசைப்பட்டது? அது எஸ்தர் கட்டிலுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

கோமதி வெந்நீருக்குப் போயிருந்த சமயம். இரண்டு கட்டிலுக்கும் நடுவே ஸ்டூல் மேல் ஓலைப்பெட்டியில் பூனை இருப்பது எனக்குத் தெரியும். தலையை அசைக்காமல் கையை மட்டும் நீட்டினேன். எட்டவில்லை. தோளைக் கொஞ்சம் தூக்கினேன். வலது கண்ணில் சுருக்கென்று குத்தியது. போனால் போகட்டும் என்று எடுத்துவிட்டேன்.

நெஞ்சு மேல் வைத்துத் தடவினேன். குண்டாக, வழவழவென்று இருந்தது. இரண்டு காது. வால் ஒன்றுதான். கண் இருக்கிற இடத்தில் குன்றிமணி நெருடியது. முன்கால் இரண்டையும் மனுஷக் கை மாதிரி மடக்கி வைத்திருந்தாள். வலது கையில் உருண்டையாக ஒன்று. கோலிக்குண்டு மாதிரி உருண்டை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்துவிட்டது.

“ஏட்டி, இதா கோவா? இது லட்டு” என்றேன், கோமதி உள்ளே வருகிற காலடி கேட்டதும். “எங்க ஊருல கோவாவ எவ உருட்டுனா? சட்டியிலருந்து வழிச்சு மந்தார இலையில வச்சு, வாழநார் சுத்திக் குடுப்போம். கோவா தின்னாத பூனைக்குத்தான் இது கோவாவாத் தெரியும்.”

கோமதி என் நெஞ்சு மேலிருந்து பூனையை எடுத்துக்கொண்டாள். எதற்காகக் கையைத் தூக்கினீர்கள் என்று மட்டும் கேட்டாள். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. எஸ்தர் பக்கத்திலிருந்து, “பூனை வியாபாரத்துக்கா போகுது அக்கா? ஒரு உருண்டைதான, விடுங்க” என்றாள். அக்காவாம். நானும் விட்டுவிட்ட மாதிரி கிடந்தேன். மனதில் ஒன்று குறித்துக்கொண்டேன். வெள்ளை உடம்பு, பழுப்புக் காது, சிவப்புக் கண், வலது கையில் உருண்டை.

அடுத்த நாள் எஸ்தருக்குக் கட்டு அவிழ்த்தார்கள். டாக்டரம்மா விரலைக் காட்டக் காட்ட இரண்டு, நாலு, ஒன்று என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். ஜன்னல் கம்பி தெரிகிறது என்றாள். கோமதி புடவையில் கட்டம் போட்டிருக்கிறது என்றாள். கோமதி அழுதுகொண்டே சிரித்தாள். நான் கட்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். வேறென்ன செய்ய முடியும்? அவளுக்குத் தெரிந்ததைவிட ஒரு பங்கு கூடுதலாக எனக்குத் தெரிந்தாக வேண்டும். முருகனிடம் நான் வேண்டிக்கொண்டது அதுதான். கண் வேண்டுமென்று கேட்டிருந்தால் போதும். புத்தி அங்கே போகவில்லை.

என் முறை வந்தது. நர்ஸ் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சு நனைத்து இமையைத் துடைத்தாள். திற என்றார்கள். திறந்தேன்.

நீலமாக ஒரு வெளிச்சம் முகத்தில் கொட்டியது. அதற்குள் வெள்ளையாக ஒன்று அசைந்தது. டாக்டரம்மாவா, ஜன்னல் துணியா தெரியவில்லை. “எத்தனை விரல்கள் தெரிகின்றன அம்மா?” என்று அந்த வெள்ளை கேட்டது. விரலா? கையே தெரியவில்லை. பக்கத்தில் எஸ்தர் எழுந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அது போதும்.

“வெரலு எதுக்கு டாக்டரம்மா, சின்னப் புள்ளைக்குக் காட்டுற மாதிரி? அந்தப் பூனையக் காட்டுங்க, சொல்லுதேன்” என்றேன்.

காட்டினார்கள். புகையில் ஒரு புகை. நான் கொஞ்சம் கண்ணைச் சுருக்கி, உற்றுப் பார்க்கிற மாதிரி பார்த்து, நிதானமாகச் சொன்னேன். வெள்ளைப் பூனை. காது பழுப்பு. கண்ணு குன்றிமணி, செக்கச்செவேல். வலது கையில் கோவா உருண்டை. அதோடு நிறுத்தியிருக்கலாம். “உருண்டை செத்த கோணல்” என்றும் சேர்த்துக்கொண்டேன்.



பிறகு குடம் சரிந்து தண்ணீர் கொட்டின மாதிரி ஒரு சிரிப்பு. கோமதி. நிறுத்த முடியாமல், கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அத்த, அது உருண்டை இல்ல அத்த. எலைப் பொட்டலம். நேத்தே மாத்திட்டேன்” என்றாள் சிரிப்புக்கு நடுவே. எஸ்தர் சொன்னாள்: “நீங்க சொன்ன பொறவு அவ உருண்டையப் பிரிச்சுப் போட்டுட்டா அக்கா. நேத்துப் பூரா உக்காந்து பச்ச நூலுல எலை பின்னுனா. வேண்டாம்னு சொன்னேன், கேக்கல. எங்க அத்தைக்குத்தான் தெரியும் கோவா எப்படி இருக்கும்னுட்டா.”

வார்டு முழுக்கச் சிரித்தது. நர்ஸ் சிரித்தாள். டாக்டரம்மாகூட அச்சடித்த மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தார். எத்தனை வருஷமாக நான் கேட்க ஆசைப்பட்ட சிரிப்பு. அது என் மேலேயே விழுந்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு பேர் பார்க்கிற இலைப் பொட்டலம் எனக்குத் தெரியவில்லை. சின்னம்மா ஞாபகம் வந்தது. நான் கையைத் தூக்கின அன்று சுருக்கென்றதே, அதில் போய்விட்டதா?

மணிக்கட்டில் அந்தக் கயிறு இன்னும் இருந்தது. இழுத்தேன்.

“ஏட்டி கோமதி, எனக்குத் தெரியலட்டி” என்றேன்.

சிரிப்பு நின்றது. கோமதி வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்தாள். டாக்டரம்மா குனிந்து விளக்கடித்துப் பார்த்தார். கீறின வாய் பிளக்கவில்லை, கண் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். அசைந்ததால் கொஞ்சம் ரத்தம் கசிந்து கலங்கியிருக்கிறது, தெளிந்துவிடும். பளிங்கை எடுத்துவிட்டதால் கண்ணுக்கு எதையும் கூட்டிப் பார்க்கத் தெரியாது. அந்தப் பளிங்கின் வேலையைத் தடிமனான கண்ணாடி ஒன்று வெளியே இருந்து செய்ய வேண்டும். புண் ஆறின பிறகு அளவெடுத்துத் தருவார்கள். அதுவரை புகைதான். எஸ்தருக்கும் புகைதான், ஆனால் அவளுக்குக் கலங்கவில்லை, அதனால் உருவம் தெரிகிறது. அங்கேயும் அவள்தான் முந்தி.

டாக்டரம்மா போன பிறகும் கோமதி போகவில்லை. பூனையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் என் முகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

“இப்ப என்ன தெரியுது அத்த? தெரிஞ்சத மட்டும் சொல்லுங்க.”

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு புகைக்குள் இரண்டு புள்ளி.

“செவப்பா ரெண்டு” என்றேன்.

 என் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. கண்ணுக்கு மருந்து விடுகிறாளோ என்று நினைத்தேன்.

இதோடு பூனை எனக்குத்தான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். ஊருக்குப் புறப்படுகிற அன்று காலையில் கோமதி ஓலைப்பெட்டியோடு நேராக எஸ்தர் கட்டிலுக்குப் போனாள். அங்கே கொடுத்தாள். அவள் அணைத்து முத்தம் கொடுக்கிற சத்தம் கேட்டது. பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். பெரிய ஓடை தாண்டும்போதுதான் கேட்டேன். நான் சொல்லி மாற்றின பொட்டலம், எங்கள் வீட்டுக் கோவா, அவளுக்கு எதற்குப் போகிறது?

“மொதச் சட்டி வீட்டுக்கு ஆகாதுன்னு நீங்கதான அத்த சொன்னீய?” என்றாள்.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. புதிதாகக் கிண்டப் பழகுகிறவள் முதல்முதலாக இறக்குகிற சட்டியில் முதல் பொட்டலம் வெளியே போய்விட வேண்டும். வீட்டார் வாயில் படக் கூடாது. அப்போதுதான் கை விளங்கும். கோமதி கல்யாணமாகி வந்து முதல் சட்டி இறக்கினபோது, ஒரு விள்ளல்கூட அவளை வாயில் வைக்க விடாமல் விறகுக்காரி கையில் கொடுத்து அனுப்பினது நான்தான். லேஸ் கற்கிறவர்களுக்கும் அதுதான் முறையாம், முதல் உருப்படி டீச்சருக்கு. இரண்டு வழக்கமும் சேர்ந்துகொண்டு என்னை மடக்கிவிட்டன. வழக்கத்தை உண்டாக்கின என் மாமியாரை மனதுக்குள் திட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

மதுரையிலிருந்து கண்ணாடி வந்தது. சோடாப் புட்டியின் அடிபாகத்தை வெட்டி வைத்த மாதிரி இருக்கும். மாட்டினேன். வீடு கிட்ட வந்து நின்றது. எங்கள் கோவாச் சட்டி இவ்வளவு கறுப்பு என்று எனக்கு மறந்தே போயிருந்தது. கோமதி இளைத்திருந்தாள். சங்கரனுக்குக் காதோரம் நரைத்திருந்தது. என் கண் மங்கிக் கிடந்தபோது இவர்களுக்கெல்லாம் எனக்குத் தெரியாமல் வயதாகியிருக்கிறது.

பூனை வேண்டும் என்று நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. எனக்கும் மானம் உண்டு. வீட்டில் எலி ஜாஸ்தியாகிவிட்டது என்றேன். “சரி அத்த” என்றாள். சர்க்கரைப் பானையைச் சுற்றி எலி ஓடுகிறது, கார்டுச் சர்க்கரையை எலி தின்றால் தாங்குமா என்றேன். “சரி அத்த.” பக்கத்து வீடுகளில் எல்லாம் பூனை இருக்கிறது என்றேன். அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

அந்த மாதம் சட்டி அடுப்பேறினது. சட்டுவத்தை என் கையில் கொடுத்து, பதம் பாருங்க என்று நின்றாள். ஓரம் பழுப்புக்குத் திரும்பினதும் இறக்கச் சொன்னேன். இறக்கிவிட்டுத் திரும்பினால் சர்க்கரைப் பானை மூடி மேல் புதிதாக ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. வெள்ளை உடம்பு, பழுப்புக் காது, மடக்கின கையில் பச்சை இலைப் பொட்டலம், வாழைநார் நிறத்தில் ஒரு சுற்று. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். ஒரு காது சாய்ந்திருந்தது. அந்தக் காதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலிருந்தது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

மனதில் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. செட்டியார்பட்டியில் இருக்கிற பூனைக்குக் காது எப்படி? அதை நான் கண்ணால் பார்க்கவே இல்லையே. ஒருநாள் கோமதியிடம், எஸ்தர் உடம்பு எப்படி இருக்கிறதோ, ஒரு நடை பார்த்துவிட்டு வரலாமே என்றேன். கோமதி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என் பூனையைச் சேலைத் தலைப்பில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கரிப் பஸ் ஏறினேன்.

எஸ்தரும் என்னைப் போலவே சோடாப் புட்டி மாட்டியிருந்தாள். ஒருத்தி முகத்தை ஒருத்தி அன்றுதான் முதலில் பார்த்தோம். நான் நினைத்ததைவிடக் கறுப்பு. அவளும் என்னைப் பற்றி ஏதாவது நினைத்திருப்பாள். காப்பி கொடுத்தாள். நானாகப் பேச்சை எடுக்கவில்லை. அவள்தான் அலமாரியிலிருந்து தன் பூனையை எடுத்துவந்து பாயில் வைத்தாள். நானும் மடியிலிருந்ததை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

இரண்டு கிழவிகளும் குனிந்து பார்த்தோம். அவள் பூனைக்கும் ஒரு காது சாய்ந்திருந்தது. அதே பக்கத்துக் காது. எனக்குப் பாதி நெஞ்செரிச்சல் அங்கேயே அடங்கிவிட்டது. எஸ்தர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியை ஏற்றினாள், இறக்கினாள். விரலால் இரண்டு பொட்டலத்தையும் மாற்றி மாற்றி அளந்தாள். லேஸ் டீச்சர் விரல். கடைசியில் கோமதியை நிமிர்ந்து பார்த்து, கொஞ்சம் குறைப்பட்ட குரலில் சொன்னாள்:

“ஏட்டி, ஒங்க அத்தைக்குப் பொட்டலம் பெருசா வச்சிருக்கியே?”

நான் வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டேன். முகத்தைக் காட்டினால் மரியாதை போய்விடும். காப்பி இனித்தது. சர்க்கரை போடாத காப்பி.

திரும்புகிற பஸ்ஸில் கோமதி என் பக்கம் சாய்ந்து, “அத்த, ரெண்டுக்கும் ஒரே கண்ணிதான். எண்ணித்தான் போட்டேன். அவுகளுக்குக் கண்ணாடி சரியில்ல போல” என்றாள்.

எனக்குக் கண்ணாடி நன்றாக இருக்கிறது என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏற்றத்தில் பஸ் நின்று மூச்சு வாங்குகிற வரைக்கும் சிரித்தாள். நான் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பூனையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். புகையாகத்தான் தெரிந்தது. புகையாகப் பார்த்தாலும் என் பூனையின் பொட்டலம்தான் பெரிசு.